ஓதமும் ஒழுகலும் - ஒரு மச்சு வீட்டின் கதை

எங்க அப்பாயி இன்னிக்கு உயிரோட இருக்காங்கன்னா அதுக்குக் காரணம் மார்கழி மாசம். இதை ஆபீஸ்ல சொன்னா சிரிக்கிறாங்க. அதான் இங்க எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமை உள்ளவங்க மட்டும் தொடரவும் :)

எங்க ஊர் சீர்காழிக்குப் பக்கத்துல. 2022 நவம்பர் 11, 12 தேதிகள் எங்க பக்கத்து ஆளுங்க யாருக்கும் மறக்காது. 24 மணி நேரத்துல சீர்காழியில 44 செ.மீ. மழை. வயல் எது, வாய்க்கால் எது, ரோடு எதுன்னு தெரியாத அளவுக்குத் தண்ணி. அந்த மழையில எங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகலை. ஒரு சொட்டு ஒழுகலை. நான் போன்லயே அப்பாகிட்ட பெருமை அடிச்சுக்கிட்டேன், "பாத்தீங்களாப்பா, நான் அன்னிக்கே சொன்னேன்ல"ன்னு.

அடுத்த மாசம், மார்கழி பிறந்த நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ, விடியக்காலை அஞ்சு மணிக்கு அப்பாயி வாசல்ல கோலம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. உள்ளே டமால்னு சத்தம். போய்ப் பார்த்தா அவங்க கட்டில் மேல மச்சுல பாதி கிடக்குது. செங்கல், காரை, ஒரு உளுத்த கட்டை. தலகாணி இருந்த இடத்துல மட்டும் ரெண்டு கூடை தேறும்.

வேற எந்த மாசமா இருந்தாலும் அஞ்சு மணிக்கு அப்பாயி தூங்கிட்டுத்தான் இருந்திருப்பாங்க.

நான் அடிச்சுப் பிடிச்சு ஊருக்குப் போனேன். பக்கத்து ஊர்லேர்ந்து ஒரு கொத்தனார் வந்திருந்தாரு. எழுபதைத் தாண்டுன பெரியவர். ஏணி போட்டு ஏறி, விழுந்த இடத்தைச் சுத்தி ஒரு சின்னக் கட்டையால தட்டித் தட்டிப் பார்த்தாரு. மொட்டை மாடிக்குப் போயிட்டு வந்தாரு. சுவத்துல ஆணியால கீறிப் பார்த்தாரு. அப்புறம் அப்பாவைப் பார்த்துக் கேட்டாரு: "ஏங்க, இது மேல சிமெண்டையும் பெயிண்டையும் அப்புனது யாருங்க?"

அப்பா ஒண்ணும் சொல்லலை. என்னைப் பார்த்தாரு.

ஆமா மக்களே. நான்தான்.

கொஞ்சம் கொசுவத்தி. 2020 ஊரடங்கு. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகலை, ஊர்ல உக்காந்து லேப்டாப்பைத் தட்டிக்கிட்டு இருந்தேன். கையில முதல் முறையா கொஞ்சம் காசு. வீட்டுச் சுவர் எல்லாம் ஓதம் காத்து, இடுப்பளவுக்கு உப்பு பூத்துக் கிடந்துச்சு. தொட்டா கையில மாவு மாதிரி ஒட்டும். மழைக்காலத்துல மச்சுல ரெண்டு இடத்துல ஈரக்கறை. நாலு வீடியோ பார்த்துட்டு நானே நிபுணர் ஆயிட்டேன். ஒரு காண்டிராக்டரைப் பிடிச்சு, சுவர்ல உதிர்ந்த காரையைச் சுரண்டிட்டு நல்லா கெட்டியா சிமெண்ட் பூச்சு, அதுக்கு மேல பளபளன்னு பெயிண்ட். மாடியில பழைய தட்டோட்டு மேல ரப்பர் மாதிரி ஒரு கோட்டிங். பாக்க அம்சமா இருந்துச்சு. புரியாத லெகஸி கோட்ல கை வைக்கக் கூடாதுன்னு ஆபீஸ்ல டீம் லீட் தலையால அடிச்சுக்குவாரு. அது வீட்டுக்கும் பொருந்தும்னு தோணவே இல்லை.

அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு அப்புறம்தான் இந்த வீடு எப்படிக் கட்டப்பட்டுச்சுன்னு தேட ஆரம்பிச்சேன். தேடினதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு.

வீட்டுக்குள்ள தண்ணி வர்றது மனுஷன் வீடு கட்டின நாளிலேர்ந்து இருக்கிற தொல்லை. தண்ணியை எப்படித் தடுக்கிறதுங்கிற அறிவும் அதே அளவுக்குப் பழசு. மொகஞ்சதாரோவுல இருக்கிற பெருங்குளத்தைக் கட்டினவங்க செங்கலை ஜிப்சம் சாந்துல நெருக்கமா அடுக்கி, சுவருக்குப் பின்னால கீல் பூசியிருக்காங்க. நாலாயிரம் வருஷத்துக்கும் முந்தின வாட்டர் ப்ரூஃபிங். அங்க தண்ணி வெளியே போகாம இருக்கணும், நமக்கு உள்ளே வராம இருக்கணும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ரோம் நாட்டு விட்ருவியஸ் கி.மு. முதல் நூற்றாண்டுல கட்டடக்கலை பத்தி பத்துப் புத்தகம் எழுதினாரு. அதுல ஏழாவது புத்தகம் படிச்சப்ப எங்க வீட்டைப் பார்த்துட்டு எழுதின மாதிரி இருந்துச்சு. ஓதம் ஏறும் சுவரில் தரையிலேர்ந்து மூணு அடி உயரத்துக்கு மணலுக்குப் பதிலா ஓட்டுத்தூள் கலந்த சுண்ணாம்பு பூசச் சொல்றாரு. அதுக்கும் அடங்காத ஈரம்னா, கொஞ்சம் இடைவெளி விட்டு உள்பக்கம் இன்னொரு மெல்லிய சுவர் எழுப்பி, நடுவுல காத்து போய்வர மேலேயும் கீழேயும் துளை விடணுமாம். மொட்டைத் தளத்துக்குப் பத்தடிக்கு ரெண்டு விரற்கடை வாட்டம் வேணும். அதாவது 80-க்கு 1. வருஷா வருஷம் குளிர்காலத்துக்கு முன்னாடி தள இடுக்குகள்ல ஆலிவ் எண்ணெய்க் கசடு ஊத்தணும்.

இதுல என்னை நிறுத்தி வெச்ச வார்த்தை "வருஷா வருஷம்". அதுக்கு அப்புறம் வர்றேன்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். எங்க வீட்டு மச்சுக்கு இன்ஜினியர்கள் வெச்சிருக்கிற பேர் 'மெட்ராஸ் டெரஸ்'. பழைய சென்னை மாகாணம் முழுக்க, ஓட்டு வீட்டுக்கு அடுத்தபடியா வசதியானவங்க வீட்டுக் கூரை இதுதான். எங்க வீடு 1938-ல தாத்தாவோட அப்பா கட்டினது.

இதோட வேலைப்பாட்டைப் பாருங்க. முதல்ல சுவத்துக்குச் சுவர் தேக்குக் கட்டைகளை ஒரு முழத்துக்கு ஒண்ணுங்கிற கணக்குல வரிசையா போடுவாங்க. அது மேல சின்னச் செங்கல். சாதாரணச் செங்கல் இல்லை, ஆறு அங்குல நீளம், மூணு அங்குல அகலம், ஒரு அங்குல கனம்னு இதுக்குன்னே சுட்ட டெரஸ் செங்கல். இதைக் குத்துவாட்டில, மூலைவிட்டமா, சுண்ணாம்புச் சாந்துல ஒட்டிக்கிட்டே போவாங்க. கீழே முட்டுப்பலகை கிடையாது. ஒரு மூலையில ஆரம்பிச்சா ஒவ்வொரு கல்லும் முந்தின கல்லைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். எங்க வீட்டு மச்சை அண்ணாந்து பார்த்தா தெரியுற அந்தச் சாய்வு வரிகள் அழகுக்காகப் போட்டதுன்னு இருபத்தஞ்சு வருஷமா நினைச்சுட்டு இருந்தேன்.

அதுக்கு மேல மூணு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கான்கிரீட். இங்கதான் விஷயமே. அதைக் கொட்டிட்டுப் போயிட முடியாது. பெண்கள் வரிசையா உக்காந்து மரக்கட்டையால தட்டணும். பாட்டுப் பாடி, அந்தத் தாளத்துக்குத் தட்டிக்கிட்டே நகருவாங்களாம். நடுநடுவுல கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியைத் தெளிக்கணும். நாள் கணக்கா, சில சமயம் ஒரு வாரம் வரைக்கும் தட்டல். கட்டை பதியாம துள்ளி எழும்பணும். அதுவரைக்கும் விடக்கூடாது. கடைசியா தட்டோடு பதிச்சு, வாட்டம் பார்த்து முடிக்கணும். "எங்க அம்மா இந்த வேலைக்குப் போனவங்க தம்பி. சாயங்காலம் கையில சோறு பிசைய முடியாது"ன்னு பெரியவர் சொன்னாரு.

கடுக்காய், வெல்லம்னதும் யாராச்சும் ஃபார்வர்டு மெசேஜ்னு நினைச்சிடாதீங்க. 1730-களோட தொடக்கத்துலயே லண்டன் ராயல் சொசைட்டியோட ஆய்விதழ்ல மெட்ராஸ்ல சிறந்த சாந்து தயாரிக்கும் முறைன்னு ஒரு குறிப்பு வந்திருக்கு. அனுப்பினவர் ஐசக் பைக், செயிண்ட் ஹெலினா தீவோட கவர்னர். வெல்லம், கடுக்காய், வேகவெச்ச பயறுன்னு எல்லாம் அதுல இருக்கு. சிப்பிச் சுண்ணாம்பை இழைச்சு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, பளிங்கு மாதிரி மின்ன வைக்கிற 'மெட்ராஸ் சுண்ணாம்பு'க்கு வெள்ளைக்காரங்க மயங்கினாங்க. செட்டிநாட்டு வீடுகள்ல அந்த மினுமினுப்பை இன்னிக்கும் தொட்டுப் பார்க்கலாம்.

சரி, இது எப்படித் தண்ணியைத் தடுக்குது? என் பொறியியல் மூளைக்கு இங்கதான் அடி விழுந்துச்சு. சுண்ணாம்பு தண்ணியை முழுசா தடுக்கிறதே இல்லை!

சுண்ணாம்புக்கல்லையோ சிப்பியையோ சுட்டா அதுல இருக்கிற கரியமில வாயு போயிடும். தண்ணி ஊத்தித் தணிச்சுப் பூசினா, காத்துல இருக்கிற அதே வாயுவை மெதுவா திரும்ப எடுத்துக்கிட்டு மறுபடி கல்லாகும். அந்தக் கல்லுல நுண்ணிய துளைகள் உண்டு. மழை பெய்ஞ்சா கொஞ்சம் ஈரம் குடிக்கும், வெயில் அடிச்சா அதை விட்டுடும். மயிரிழை விரிசல் விழுந்தா, ஊறின தண்ணியில கரைஞ்ச சுண்ணாம்பே அந்த இடுக்குல திரும்பப் படிஞ்சு அடைச்சுக்கும். சுவரும் அப்படித்தான். தரையிலேர்ந்து ஏறுற ஈரம் பூச்சு வழியா காத்துல போயிடும். கூட வர்ற உப்பு பூச்சுலேயே தங்கும். பூச்சு உதிரும், திரும்பப் பூசணும். உதிர்றதுதான் அதோட வேலை. செங்கல்லுக்குப் பதிலா அது சாகுது.

அதனாலதான் வருஷா வருஷம். பொங்கலுக்கு முன்னாடி வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறது வெறும் கொண்டாட்டம்னு நினைச்சிருந்தேன். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோட ஓயும். நனைஞ்ச சுவர் காயத் தொடங்கும்போது, போன சுண்ணாம்புக்குப் பதிலா ஒரு படலம் புதுச் சுண்ணாம்பு. விட்ருவியஸ் எண்ணெய்க் கசடு ஊத்தினாரு, நாம தையில வெள்ளை அடிச்சோம். ரெண்டும் வருடாந்திரப் பராமரிப்புதான்.

அப்புறம் சிமெண்ட் வந்துச்சு. 1824-ல இங்கிலாந்தோட லீட்ஸ் நகரத்துல ஜோசப் ஆஸ்ப்டின்ங்கிற கொத்தனார் போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினாரு. இந்தியாவுல முதல் முயற்சி நம்ம சென்னையிலதான், 1904-ல. சிப்பியை மூலப்பொருளா வெச்சு ஆரம்பிச்ச அந்த ஆலை நிலைக்கலை. 1914-ல போர்பந்தர்ல உற்பத்தி தொடங்கி நிலைச்சுது. 1934-ல கோவை மதுக்கரை, 1949-ல நெல்லை தாழையூத்துன்னு நம்ம பக்கமும் ஆலைகள் வந்தாச்சு.

சிமெண்டைத் திட்டற பதிவு இல்லை இது. மாடு பூட்டிக் கல்லுருளையில சுண்ணாம்பு அரைச்சு, வாரக்கணக்குல ஊறவெச்சு, நாள்கணக்குல தட்டுறதை எந்த ஊர் தாங்கும்? சிமெண்ட் ஒரே நாள்ல இறுகும். கம்பி போட்டா தேக்கே வேணாம். அந்தம்மா கையும் தப்பிச்சுது. இன்னொரு வேடிக்கை பாருங்க: சென்னையில ஆர்.சி.சி. தளம் வந்த பிறகும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிக்கிற பழக்கம் பல காலம் விடலை. உடம்பு மாறியும் தலைப்பாகை மாறலை.

தப்பு எங்கன்னா, சுண்ணாம்பு வீட்டு மேல சிமெண்டைப் பூசுறது. சிமெண்ட் பூச்சு அடர்த்தியானது, ஈரத்தைச் சுலபத்துல வெளியே விடாது. நான் இடுப்பளவுக்குப் பூசினதும் தரையிலேர்ந்து ஏறின ஈரம் வெளியே வர வழியில்லாம, பூச்சுக்குப் பின்னாடியே நெஞ்சளவுக்கு ஏறிடுச்சு. மாடியிலயும் அதே கதை. கோட்டிங் நல்லாத்தான் இருந்துச்சு, கைப்பிடிச்சுவரும் தளமும் சேர்ற மூலையில ஒரு விரிசலைத் தவிர. அந்த விரிசல் வழியா போன தண்ணி முன்னெல்லாம் மேலேயே காய்ஞ்சிருக்கும். இப்ப மேலே மூடி போட்டாச்சு. ஜல்லித் தளத்துக்குள்ளேயே நின்னு, சுவத்துக்குள்ள புதைஞ்சிருக்கிற கட்டைகளோட தலைப்புக்குப் போயிருக்கு. மரத்துல ஈரம் இருபது சதவீதத்துக்கு மேல நீடிச்சா பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ரெண்டு வருஷமா உள்ளுக்குள்ளேயே மக்கியிருக்கு. ஒழுகியிருந்தா கண்டுபிடிச்சிருப்போம். ஒழுகாததுதான் ஆபத்தா போச்சு. 44 செ.மீ. மழையில ஒரு சொட்டு ஒழுகலைன்னு பெருமை அடிச்சேனே, அந்தத் தண்ணி எல்லாம் அப்பாயி தலைக்கு மேலதான் நின்னுருக்கு.

பெரியவர்கிட்டேயும், அப்புறம் தேடிப் படிச்சும் கத்துக்கிட்டதைக் கீழே போடுறேன். உங்க வீட்டுக்கு உதவலாம்.

1. ஈரம் எங்கேயிருந்துன்னு உயரம் சொல்லும். தரையிலேர்ந்து மூணு நாலடி வரைக்கும், மேலே கோடு போட்ட மாதிரி முடிஞ்சா தரை ஓதம். கூரையை ஒட்டி ஆரம்பிச்சா தளம் அல்லது கைப்பிடிச்சுவர். நடுச்சுவத்துல தனித்திட்டா, கோடையிலயும் காயாம இருந்தா குழாய்.

2. குழாய் மேல சந்தேகம்னா, ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிட்டு மேல்தொட்டியில தண்ணி மட்டத்தைக் குறிச்சு வைங்க. காலையில இறங்கியிருந்தா கசிவு உண்டு.

3. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவத்துல நாலு பக்கமும் காத்துப் புகாம ஒட்டி ஒரு நாள் விடுங்க. சுவரைப் பார்த்த பக்கம் வேர்த்திருந்தா ஈரம் சுவத்துக்குள்ள. அறையைப் பார்த்த பக்கம் வேர்த்திருந்தா அது அறைக் காத்தோட ஈரம். ஜன்னலைத் திறந்தாலே பாதி சரியாகும்.

4. தட்டிப் பாருங்க. கணீர்னா பிடிப்பு இருக்கு. பொத்துனு கேட்டா பூச்சு விட்டுப்போச்சு.

5. கறை தெரியுற இடத்துக்கு நேர் மேலதான் ஓட்டைன்னு நம்பாதீங்க. தண்ணி கட்டையோட, கம்பியோட ஓடி வேற எங்கேயோ சொட்டும்.

6. கட்டை போட்ட மச்சுன்னா, கட்டை சுவத்துக்குள்ள போற இடத்துல ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. மெத்துனு இறங்கினா உடனே அந்த அறையில படுக்கிறதை நிறுத்துங்க. இதுல யோசிக்கவே வேணாம்.

7. ஆர்.சி.சி. தளத்துல காரை பெயர்ந்து துருக்கம்பி தெரிஞ்சா மேலே பூசி மறைக்காதீங்க. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், கான்கிரீட்டை உள்ளேயிருந்து உடைக்கும். கம்பியைச் சுத்தம் பண்ணணும், தண்ணி வர்ற வழியை அடைக்கணும். விவரம் தெரிஞ்ச சிவில் ஆள் பார்க்கணும்.

8. கைப்பிடிச்சுவத்துல அரசங்கன்னு முளைச்சா அழகா இருக்குன்னு விடாதீங்க. வேர் போற இடமெல்லாம் தண்ணி போகும்.

சரி, வீடு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க.

அப்பாவுக்கு முழுசா இடிச்சுட்டு ஆர்.சி.சி. போட்டுடணும்னு. அவர் சொல்றதுலயும் நியாயம் இருந்துச்சு. "நாளைக்கு இன்னொரு கட்டை விழுந்தா நீ சென்னையிலேர்ந்து பிடிப்பியா?"ன்னு கேட்டாரு. பதில் இல்லை. கடைசியில பெரியவர்தான் ஒவ்வொரு கட்டையா குத்திப் பார்த்து, அந்த அறையில மொத்தம் பதினேழுல அஞ்சுதான் போச்சு, மிச்சம் இன்னும் அம்பது வருஷம் நிக்கும்னாரு. இடிச்ச பழைய வீட்டுலேர்ந்து தேக்கு வாங்கி அஞ்சையும் மாத்தினோம். நான் பூசவெச்ச சிமெண்ட் எல்லாத்தையும் கொத்தி எடுத்துட்டுச் சுண்ணாம்பு பூசினோம். மாடியில கோட்டிங்கை உரிச்சாச்சு. கடுக்காய்த் தண்ணி தெளிச்சு ஜல்லி தட்டுறதுக்கு ஆள் தேடித்தான் ரொம்ப அலைஞ்சோம். பெரியவரோட பேரன் ஒருத்தன் வந்தான். மீதி நேரம் நானும் தட்டினேன். ரெண்டு நாள் கீபோர்டு தொட முடியலை. அந்தம்மா கையைப் பத்தி அவர் சொன்னது அப்பதான் உறைச்சுது.

இந்த வேலை முழுசா அழிஞ்சுடலைங்கிறதும் ஒரு ஆறுதல். சேப்பாக்கம் அரண்மனையோட ஒரு பகுதி 2012 ஜனவரியில தீயில எரிஞ்சப்ப, பொதுப்பணித்துறை அதைச் சுண்ணாம்புக் காரையிலேயே மீட்டெடுத்துச்சு. பக்கத்துல இடிஞ்சு கிடந்த ஹுமாயூன் மகாலுக்கும் பழைய மெட்ராஸ் டெரஸ் முறையிலேயே கூரை போட்டாங்க. நவாபு அரண்மனைக்குக் கிடைச்ச கவனிப்புல கொஞ்சம் நம்ம ஊர் மச்சு வீடுகளுக்கும் கிடைச்சா நல்லாருக்கும்.

அதுக்கப்புறம் வந்த மழைக்காலங்கள்ல அந்த அறை ஒழுகலை. வடக்குச் சுவர்ல மட்டும் இன்னும் ஓதம் இருக்கு, கொஞ்சம் உதிருது. உதிரட்டும்னு விட்டுட்டோம். தையில வெள்ளை அடிக்கிறப்ப சரி பண்ணிக்கலாம். வருஷா வருஷம் அதுக்கு நான் லீவு போட்டுப் போறேன்.

அப்பாயி அதே அறையில, அதே இடத்துலதான் கட்டில் போட்டிருக்காங்க. எவ்வளவு சொல்லியும் கேக்கலை. "நீ தட்டுன மச்சுதானேடா, விழாது போ"ன்னுட்டாங்க. ஆனா விளக்கை அணைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை அண்ணாந்து பார்க்கிறாங்க. முன்னெல்லாம் அந்தப் பழக்கம் கிடையாதுன்னு அம்மா சொல்றாங்க.

டிஸ்கி: நான் சிவில் படிச்சவன் இல்லை, பொட்டி தட்டுறவன். கட்டை உளுத்திருந்தா இந்தப் பதிவை நம்பி ஏணி ஏறாதீங்க, தெரிஞ்ச கொத்தனாரைக் கூப்பிடுங்க. உங்க ஊர்ல சுண்ணாம்பு வேலை தெரிஞ்சவங்க இருந்தா எந்த ஊர்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க, தேடுற யாருக்காவது உதவும்.